துப்பாக்கிச் சட்டத்தை எதிர்த்து வழக்கா? எந்த வழியில் போனால் எத்தனை வருஷம்

இல்லினாய் ஆளுநர் ஜே.பி. பிரிட்ஸ்கர் 2023 ஜனவரி 10ஆம் தேதி கையெழுத்திட்ட சட்டம், ஏஆர்-15 போன்ற துப்பாக்கிகளையும் அதிகத் தோட்டா கொள்ளும் மேகசின்களையும் மாநிலத்தில் விற்கக் கூடாது என்றது. அதற்கு ஆறு மாதம் முன்பு, ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தில், சிகாகோவை அடுத்த ஹைலண்ட் பார்க்கில் 7 பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். சட்டம் வந்த அதே மாதம் அதை எதிர்த்து வழக்குகளும் வந்துவிட்டன. சிலர் மாநில நீதிமன்றத்தில் போட்டார்கள், சிலர் ஃபெடரல் நீதிமன்றத்தில். மாநிலத்தில் போட்ட வழக்கு அந்த ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதியே இல்லினாய் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. 4-3 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு. ஏழே மாதம். ஃபெடரல் பக்கம் போனவர்கள் 2025 செப்டம்பர் 22ஆம் தேதியும் சிகாகோவில் மேல்முறையீட்டு நீதிபதிகள் முன்னால் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

இதை மட்டும் பார்த்து, மாநில நீதிமன்றம்தான் வேகம் என்று முடிவுகட்டிவிட முடியாது. ஏழு மாதத்தில் கிடைத்த அந்தத் தீர்ப்பு வேறொரு கேள்விக்கான பதில். மனுதாரர்கள் அங்கே வாதாடியது சம உரிமை பற்றி: போலீஸாருக்கும் காவலாளிகளுக்கும் விலக்கு உண்டு, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்பது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் இரண்டாவது திருத்தத்தின் கீழ் நேரடி வாதத்தை அவர்களே கைவிட்டுவிட்டதாக நீதிமன்றம் சொல்லிவிட்டது. விரைவாக வந்த பதில்தான், ஆனால் எல்லோரும் காத்திருந்த கேள்விக்கு அல்ல.

துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலம் இப்படி ஒரு சட்டம் போடுகிறது, அதை ஒரு சங்கமோ ஒரு கடைக்காரரோ எதிர்க்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னால் நாலு வழி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் தாமதம் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. நம்மூர் சிவில் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா வாங்கியே வழக்கு வயதாகும். அங்கே அப்படியில்லை. கீழ் நீதிமன்றம் சில வாரத்திலேயே உத்தரவு போட்டுவிடும். அதன்பிறகு வழக்கு மேலே போகும், கீழே வரும், மறுபடி மேலே போகும். வருஷங்கள் கரைவது அந்த ஏற்ற இறக்கத்தில்தான்.

முதல் வழி: உடனே தடை கேட்பது

எல்லோரும் முதலில் நாடுவது இது. வழக்கு முடியும்வரை சட்டத்தை அமல்படுத்தாதே என்று ஃபெடரல் மாவட்ட நீதிபதியிடம் இடைக்காலத் தடையாணை கேட்பது. கிடைத்தால் அடுத்த நாள் செய்தியில் வெற்றி. அரசு அன்றே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஓடி, அந்தத் தடையாணையை நிறுத்திவைக்கும் ஸ்டே வாங்கப் பார்க்கும். ஸ்டே வந்தால் சட்டம் மறுபடி அமலுக்கு வந்துவிடும். வழக்கின் உண்மையான முடிவு பல நேரம் அந்த ஸ்டேயில்தான் இருக்கிறது.

நியூயார்க்கைப் பாருங்கள். 2022 ஜூன் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் புரூயன் தீர்ப்பில், கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்ல நியூயார்க் வைத்திருந்த பழைய லைசென்ஸ் முறையை ரத்து செய்தது. எட்டே நாளில் மாநில சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டது. செப்டம்பர் 1 முதல் அமல். நவம்பரில் மாவட்ட நீதிபதி கிளென் சடபி அதன் பல பிரிவுகளுக்குத் தடை விதித்தார். டிசம்பர் 7ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு ஸ்டே கொடுத்தது, காரணம் எதுவும் எழுதாமல். மனுதாரர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 ஜனவரியில் அது தலையிட மறுத்தது. ஆனால் நீதிபதி அலிட்டோ தனியாக ஒரு குறிப்பு எழுதினார், தாமஸும் சேர்ந்துகொண்டார்: நியாயமான காலத்துக்குள் கீழே விளக்கம் வராவிட்டால், அல்லது வழக்கை விரைவுபடுத்தாவிட்டால், மறுபடி இங்கே வரத் தயங்க வேண்டாம். மேல்முறையீட்டு நீதிமன்றம் மார்ச்சில் வாதம் கேட்டது, தீர்ப்புச் சொன்னது டிசம்பரில். பிறகு அது உச்ச நீதிமன்றம் போய், 2024 ஜூலையில் ரஹீமி தீர்ப்பின் (நாலாவது வழியில் வரும் வழக்கு) வெளிச்சத்தில் மறுபடி பார் என்று திரும்பி வந்து, அக்டோபரில் பெரும்பாலும் பழைய பதிலே வந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. இத்தனைக்கும் நடுவில் சட்டத்தின் பெரும்பகுதி அமலில்தான் இருந்தது. தடையாணை வாங்கியவர்களுக்குக் கையில் நின்றது ஒரு சில பிரிவுகள்தான்.

அதே வழியில் போன கலிஃபோர்னியாக்காரர்களுக்கு நடந்தது நேர் எதிர். 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை விற்பதை அந்த மாநிலம் 2000இலேயே தடை செய்துவிட்டது. ஏற்கெனவே வாங்கியதை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம் என்று 2016இல் வாக்காளர்களே முடிவு செய்தார்கள். 2017 ஜூலை 1 முதல் அமல். இரண்டு நாள் முன்னதாக, ஜூன் 29ஆம் தேதி, சான் டியேகோ மாவட்ட நீதிபதி ரோஜர் பெனிடெஸ் தடை விதித்தார். 2018இல் மேல்முறையீட்டில் அந்தத் தடை நின்றது. 2019 மார்ச் 29 அன்று அவரே இறுதித் தீர்ப்பும் கொடுத்து, விற்பனைத் தடை உட்பட மொத்தத்தையும் ரத்து செய்தார். அவ்வளவுதான், இருபது வருஷமாக வாங்க முடியாததை வாங்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். ஏப்ரல் 5 மாலை 5 மணியோடு அந்த வாசல் மூடியது. மூடியதும் பெனிடெஸ்தான், தன் தீர்ப்புக்குத் தானே ஸ்டே போட்டு. இடைப்பட்ட அந்த வாரத்தில் வாங்கியவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். அங்குள்ள துப்பாக்கிக்காரர்கள் இன்றும் அதைச் சுதந்திர வாரம் என்கிறார்கள்.

அதன்பிறகு நடந்ததைப் படிக்கவே மூச்சு வாங்கும். 2020 ஆகஸ்டில் மூவர் அமர்வு பெனிடெஸ் பக்கம். 2021 நவம்பரில் 11 நீதிபதிகள் அமர்வு 7-4 என்று மாநிலத்தின் பக்கம். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், புரூயன்படி மறுபடி பார் என்று திருப்பியனுப்பியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தானே பார்க்காமல் பெனிடெஸிடம் அனுப்பியது. 2023 செப்டம்பரில் அவர் மறுபடி ரத்து. அக்டோபரில் மறுபடி ஸ்டே, 7-4. 2025 மார்ச் 20இல் மறுபடி சட்டம் செல்லும், மறுபடி 7-4. எட்டு வருஷத்தில் இரண்டு சுற்று முடிந்து, அந்த ஆண்டில் இன்னொரு மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ஆனாலும், பழைய மேகசின் வைத்திருந்தவர் மேல் அந்த எட்டு வருஷமும் புதுப் பிரிவு பாயவில்லை. விற்பனைக்குத்தான் ஸ்டே வந்தது, வைத்திருப்பதற்கு 2017இல் கிடைத்த பாதுகாப்பு தொடர்ந்தது. வழக்கு எத்தனை மெதுவாக நகர்ந்ததோ அத்தனைக்கு அவருக்கு லாபம். புதிதாக வாங்க நினைத்தவருக்கு அதே மெதுவில் அதே அளவு நஷ்டம். நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் ஒரே மாதிரி இழுத்தன. யாருக்கு வலித்தது என்பதை மட்டும் இடைக்காலத்தில் எந்த உத்தரவு அமலில் இருந்தது என்பது தீர்மானித்தது. ஆகவே இந்த வழியில் போகிறவர் தன் மாவட்ட நீதிபதி யார் என்று பார்ப்பது பாதி வேலைதான். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்டே கொடுக்குமா, எந்தப் பகுதிக்குக் கொடுக்கும் என்பதை முதலில் எடைபோட வேண்டும்.

இல்லினாயில் கொடுத்தது. 2023 ஏப்ரல் 28இல் நீதிபதி ஸ்டீஃபன் மெக்ளின் தடை விதித்தார். மே 4இல் ஸ்டே. கடைகள் திறந்திருந்தது ஒரு வாரம்கூட இல்லை. நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்று தடையை ரத்தே செய்துவிட்டது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனால், 2024 ஜூலை 2இல் எடுக்க மறுத்தது. இங்கேதான் இந்த வழியின் பெரிய பள்ளம். நீதிபதி தாமஸ், துப்பாக்கி உரிமையின் தீவிர ஆதரவாளர், அவரே எழுதினார்: வழக்கு இன்னும் இடைக்கால நிலையில்தான் இருக்கிறது, இறுதித் தீர்ப்பு வந்தபின் பார்க்கலாம். இடைக்காலத் தடைக்காகச் செலவான பதினெட்டு மாதமும் ஒரு அடி முன்னே கொண்டுபோகவில்லை. செப்டம்பரில் நாலு நாள் முழு விசாரணை, நவம்பர் 8இல் மெக்ளின் நிரந்தரத் தடை, உடனே மறுபடி ஸ்டே. முதல் நாளே முழு விசாரணை கேட்டிருந்தால் இந்த இடத்துக்கு ஒரு வருஷம் முன்னதாக வந்திருக்கலாம் என்பது என் கணிப்பு.

விதிவிலக்கும் உண்டு. ஹவாயில் தனியார் கடைகளுக்குள் உரிமையாளர் அனுமதியில்லாமல் துப்பாக்கியோடு நுழையக் கூடாது என்ற சட்டத்தின் மேல் நடந்த வழக்கும் இடைக்கால நிலையில்தான் இருந்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்கொண்டது. நியூயார்க்கிலும் ஹவாயிலும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அதே கேள்விக்கு எதிரெதிராகப் பதில் சொல்லியிருந்தன. அப்படி ஒரு முரண்பாடு கைவசம் இருந்தால் மட்டுமே இந்தக் குறுக்குவழியை நம்பலாம்.

இரண்டாவது வழி: சீக்கிரம் தோற்பது

கேட்க விநோதமாக இருக்கும். வழக்குப் போடுகிறவர் தோற்க விரும்புவாரா? துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன ஹெல்லர் தீர்ப்பு 2008 ஜூன் 26இல் வந்த அன்றே, சிகாகோவின் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்து ஓட்டிஸ் மெக்டொனால்டும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். இரண்டாவது திருத்தம் மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்துமா என்ற ஒற்றைக் கேள்வி. சாட்சி வேண்டாம், நிபுணர் வேண்டாம். டிசம்பரிலேயே மாவட்ட நீதிபதியிடம் தோற்றார்கள். 2009 ஜூன் 2இல் மேல்முறையீட்டிலும் தோல்வி. பழைய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் குறுக்கே நிற்கின்றன, அவற்றை மாற்றுவது மேலே உள்ளவர்கள் வேலை என்றார்கள் நீதிபதிகள். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்தது. 2010 ஜூன் 28இல் 5-4 என்று வெற்றி. இரண்டு வருஷம், இரண்டு நாள்.

இந்தத் துறையில் இதைவிட வேகமாக ஒரு பெரிய கேள்விக்கு இறுதிப் பதில் வாங்கிய மனுதாரர்களை எனக்குத் தெரியாது. நடுவில் எங்கேயும் வெல்லாததுதான் அவர்களுக்கு உதவியது. வென்றிருந்தால் நகரம் ஸ்டே வாங்கியிருக்கும், முழு அமர்வு கேட்டிருக்கும்.

மேரிலாந்தில் இதையே திரும்பச் செய்து பார்த்தார்கள். ஏஆர்-15 போன்ற துப்பாக்கிகளுக்கு 2013இல் அங்கே வந்த தடைச் சட்டத்தை 2017இலேயே அந்த வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு ஏற்றுவிட்டிருந்தது. 2020 டிசம்பரில் புது மனுதாரர்கள் வந்து, உங்கள் பழைய தீர்ப்புப்படி நாங்கள் தோற்பது நிச்சயம், சீக்கிரம் தோற்கடித்து அனுப்புங்கள் என்ற தோரணையில் வழக்காடினார்கள். 2021க்குள் இரண்டு தோல்வியும் கிடைத்துவிட்டது. திட்டம் பலிக்கும் நேரத்தில் புரூயன் வந்தது. உச்ச நீதிமன்றம் வழக்கைக் கீழே அனுப்பிவிட்டது. 2022 டிசம்பரில் மூவர் அமர்வு வாதம் கேட்டது. பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல் அமைதி. 2024 ஜனவரியில், யாரும் கேட்காமலே, முழு அமர்வு வழக்கைத் தன்னிடம் எடுத்துக்கொண்டது. அந்த ஆகஸ்டில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தபோது, மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ரிச்சர்ட்சன் உள்ளே நடந்ததைப் போட்டு உடைத்தார். மூவரில் பெரும்பான்மை சீக்கிரமே தீர்ப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டதாம். மூன்றாமவரின் மறுப்புத் தீர்ப்பு ஒரு வருஷமாக வரவில்லையாம். இரண்டையும் ஒன்றாக வெளியிடுவது அங்கே வழக்கம் என்பதால் எழுதிய தீர்ப்பு அப்படியே கிடந்ததாம். நீதிமன்றத்தின் நல்ல பழக்கம் ஒன்றே வழக்கை முடக்கும் ஆயுதமாகவும் ஆகலாம் என்பது அன்றுதான் வெளியே தெரிந்தது. எனக்கு அது கொஞ்சம் அசிங்கமாகவே பட்டது, எந்தப் பக்கம் ஜெயித்தாலும்.

2025 ஜூன் 2இல் உச்ச நீதிமன்றம் இதையும் எடுக்கவில்லை. நாலு நீதிபதிகள் வேண்டும். தாமஸ், அலிட்டோ, கோர்சச் மூவர் தயார். கவனாவ் மட்டும், அடுத்த ஓரிரு ஆண்டில் இந்தக் கேள்வியை நாம் எடுக்க வேண்டும், அநேகமாக எடுப்போம் என்று எழுதிவிட்டு விலகி நின்றார்.

ஆக, சீக்கிரம் தோற்பது விதிமுறை மாறாத காலத்தில்தான் வேகமான வழி. புரூயன் மாதிரி அளவுகோலையே மாற்றும் தீர்ப்பு நடுவில் வந்தால் எல்லோரும் கீழே இறங்கி மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். இதற்கும் முதல் வழிக்கும் நடுவில் ஒன்று உண்டு: தடை கேட்டு மல்லுக்கட்டாமல், ஆவணங்களின் மேலேயே இறுதித் தீர்ப்புக் கேட்பது. மினசோட்டாவில் 18 முதல் 20 வயதுக்காரர்களுக்குக் கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லும் லைசென்ஸ் மறுப்பதை எதிர்த்து 2021இல் போட்ட வழக்கு அப்படித்தான் போனது. 2023 மார்ச்சில் வெற்றி, 2024 ஜூலையில் மேல்முறையீட்டிலும் வெற்றி, 2025 ஏப்ரலில் மாநிலத்தின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளியதும் கதை முடிந்தது. நாலு வருஷம். பரபரப்பில்லாததால் யாரும் இதைப் பேசுவதில்லை.

மூன்றாவது வழி: மாநில நீதிமன்றம்

ஆரிகனில் 2022 நவம்பரில் நூலிழையில் நிறைவேறியது 114ஆவது முன்மொழிவு: துப்பாக்கி வாங்க அனுமதிச் சீட்டு, 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்குத் தடை. டிசம்பர் 8இல் அமல். டிசம்பர் 6ஆம் தேதி, ஒரே நாளில், இரண்டு நீதிபதிகள் இரண்டு பதில் சொன்னார்கள். போர்ட்லாந்தில் ஃபெடரல் நீதிபதி கேரின் இமர்கட் சட்டத்தைத் தடுக்க மறுத்தார். கிழக்கே, ஜனத்தொகை மிகக் குறைந்த ஹார்னி கவுண்டியில், மாநில நீதிபதி ராபர்ட் ராஷியோ தடுத்தார். 2023 ஜூலையில் இமர்கட் முழு விசாரணைக்குப்பின் சட்டம் செல்லும் என்றார். நவம்பரில் ராஷியோ முழு விசாரணைக்குப்பின் மாநில அரசியல் சாசனப்படி செல்லாது என்றார். ஃபெடரல் பக்கம் வென்ற அரசுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. கவுண்டித் தடை ஒன்றே மாநிலம் முழுவதும் சட்டத்தை முடக்கிவைத்தது. 2025 மார்ச்சில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ராஷியோ தீர்ப்பைக் கவிழ்த்தும், அடுத்து மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டதால், அந்த ஆண்டு முடியும்வரை சட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

சட்டம் தன் மேல் பாயாமல் இருந்தால் போதும், நாட்டுக்கே பொதுவான பதில் வேண்டாம் என்கிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மாநில சாசனத்தில் ஆயுத உரிமைப் பிரிவு இருக்க வேண்டும் (கலிஃபோர்னியா, நியூயார்க் சாசனங்களில் அது கிடையாது), மாநில உச்ச நீதிமன்றம் உடனே குறுக்கிடாமலும் இருக்க வேண்டும். ஆரிகனில் குறுக்கிடவில்லை. இல்லினாயில் ஏழே மாதத்தில் குறுக்கிட்டு முடித்தது.

நாலாவதை வழி என்று சொல்லலாமா தெரியவில்லை: குற்றம் சாட்டப்பட்டவராக நின்று சட்டத்தையே எதிர்ப்பது. குடும்ப வன்முறைத் தடையாணைக்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற ஃபெடரல் சட்டத்தை 2023 தொடக்கத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தச் சட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் ரஹீமி; அந்த ஜூனிலேயே உச்ச நீதிமன்றம் அவர் வழக்கை எடுத்தது. 2024 ஜூன் 21இல் 8-1 என்று சட்டம் செல்லும் என்றது. ஒன்றரை வருஷத்துக்குள் எல்லாம் முடிந்தது. காரணம், தோற்றது மத்திய அரசு. தன் சட்டம் ஒன்று செத்துவிட்டது என்று மத்திய அரசு வந்து நின்றால் கதவு சட்டென்று திறக்கும். மாநிலச் சட்டத்தில் தோற்ற குடிமகனுக்கு அப்படித் திறப்பதில்லை. ரஹீமிக்கு அந்த வேகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை, சிறையைத் தவிர.

எதைத் தேர்ந்தெடுப்பேன்

வெறும் வேகம் பார்த்தால் மினசோட்டா முறை: இறுதித் தீர்ப்பை நேராகக் கேட்பது. கையிலிருப்பதைக் காப்பாற்ற வேண்டிய அவசரம் இருந்தால் மட்டும், கலிஃபோர்னியா மாதிரி அந்தப் பிரிவுக்கு மட்டும் இடைக்காலத் தடை. விற்பனை, லைசென்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டு ஸ்டேயை வலிய வரவழைக்க வேண்டியதில்லை. மாநில சாசனம் சாதகமாக இருந்தால் ஆரிகன் வழி.

2025 இந்தக் கணக்கை இன்னும் இறுக்கிவிட்டது. அந்த ஜூனில், டிரம்ப் எதிர் காசா வழக்கில், வழக்குப் போட்டவர்களுக்கு நிவாரணம் கொடுக்கத் தேவைப்படுவதைத் தாண்டி ஃபெடரல் நீதிபதியின் தடை நீளக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். தனி ஆளாகத் தடை வாங்கினால் அது அவர் ஒருவரோடு நிற்கலாம். சங்கமாகவோ, எல்லோர் சார்பிலுமான வழக்காகவோ போவது இப்போது முன்னைவிட முக்கியம்.

இன்னொன்று பணம். உரிமை வழக்கில் வென்றால் வக்கீல் கட்டணத்தை எதிர்த்தரப்பு தர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். பல சங்கங்கள் இந்த நம்பிக்கையில்தான் பத்து வருஷ வழக்கில் இறங்குகின்றன. 2025 பிப்ரவரியில் லாக்கி எதிர் ஸ்டின்னி வழக்கில் உச்ச நீதிமன்றம், இடைக்காலத் தடை மட்டும் வாங்கியவர் வென்றவர் ஆகமாட்டார் என்றது. அது வர்ஜீனியாவின் ஓட்டுநர் உரிமம் பற்றிய வழக்கு. தடை கிடைத்தபின் சட்டமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டது, வழக்குக்கு வேலையில்லாமல் போயிற்று, கட்டணமும் போயிற்று. துப்பாக்கி வழக்குகளில் இந்த உத்தி புதிதல்ல. கைத்துப்பாக்கியை ஊருக்கு வெளியே எடுத்துச் செல்லத் தடுத்த விதியை எதிர்த்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் எடுத்ததும், நியூயார்க் நகரம் அந்த விதியையே மாற்றிவிட்டது. 2020 ஏப்ரலில் தீர்ப்பில்லாமல் வழக்கு முடிந்தது. இடைக்காலத் தடையோடு ஓய்ந்துவிடும் வழக்கில் எதிர்த்தரப்பு இனி இதைச் செலவில்லாமலே செய்யலாம்.